யோசிக்கச் சொன்னவன்

மக்காச்சோளத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் எழுத்தர் தப்பும் தவறுமாகத் தட்டிவைப்பார், பிறகு நான் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். ஒரு கைப்பிடி எடுத்தால் வழவழவென்று விரலிடுக்கில் நழுவும், சாதுவான பண்டம். நானூறு டன் ஒரே இடத்தில் சேர்ந்தால் அதன் குணமே வேறு. அப்போது அது தரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஈரம் பட்டால் மேற்பரப்பு இறுகிப் பாளம் கட்டிக்கொள்ளும். அடியில் வாயைத் திறந்து உருவிக்கொண்டே இருந்தால் பாளத்துக்குக் கீழே காலியிடம் உண்டாகும். மேலிருந்து எட்டிப் பார்ப்பவனுக்கு நல்ல கெட்டித் தரை மாதிரிதான் தெரியும். கால் வைத்த பிறகுதான் விஷயம் புரியும்.

நான் வேலை பார்ப்பது கால்நடைத் தீவன ஆலையில். இருபத்தாறு வருட சர்வீஸ், அதில் பதினான்கு வருடம் பகல் ஷிப்ட் பொறுப்பாளர். எங்களிடம் ஐந்து சைலோக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சோளம் கொட்டிவைக்கிற, ஆறு மாடி உயரமுள்ள இரும்பு உருளை. பக்கவாட்டில் ஏணி, உச்சியில் ஒரு மேடை, மேடையில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு மூடி. அடியில் உள்ள வாயிலிருந்து கன்வேயர் பெல்ட் கிளம்பி அரவைக்குப் போகும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

மூன்றாம் நம்பர் சைலோவில் இறந்துபோனவரைப் பற்றி மூன்று மாதத்துக்கு முன்பு நான் எழுதிக்கொடுத்த விபத்து அறிக்கை உங்கள் மேசையில் இருக்கிறது. ‘தொழிலாளி சுயமாக முடிவெடுத்து உள்ளே இறங்கினார்’ என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரி பொய். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, கூப்பிடவும் இல்லை. நானாக யோசித்து, நானாக பஸ் ஏறி வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அழுது மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தால் உங்கள் நேரம்தான் வீண். நான் செய்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை முழுசாகக் கேளுங்கள்.

என் பிரச்சினை எல்லாம் ஒன்றுதான் ஐயா. சொன்னதைச் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் ஷிப்டில் முப்பத்திரண்டு பேர். காலையில் உள்ளே வரும்போதே தலையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள். ‘இதைத் தூக்கு’ என்றால் தூக்குவார்கள். எதற்கு, எங்கே என்று ஒரு வாய் கேட்காது. மாட்டுக்குத் தீவனம் செய்கிற இடத்தில் மாடுகளையே வேலைக்கு வைத்திருக்கிறோமே என்று மேனேஜரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் அவர்களை நிறுத்திப் பேசுவேன். மனிதனுக்கு மூளை எதற்கு, நான் தப்பாகச் சொன்னால் தப்பென்று சொல்லும் தைரியம் உங்களில் யாருக்கு இருக்கிறது என்றெல்லாம் கேட்பேன். எனக்கு ‘வாத்தியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் சொல்ல அதற்கும் தைரியம் வேண்டுமே.

பேச்சு வேலைக்காகாது என்று தெரிந்ததும் பரீட்சை வைக்க ஆரம்பித்தேன். வேண்டுமென்றே தப்பான உத்தரவு கொடுப்பேன். சின்னச் சின்னதுதான். வெறும் சாக்குகளை எடை போட்டு வை என்பேன். நேற்றுத்தான் கிரீஸ் போட்ட பேரிங்குக்கு இன்றும் போடு என்பேன். போடுவார்கள். வழிய வழியப் போடுவார்கள்.

ஒரே ஒரு ஆள் தேறினான். வெல்டர். நன்றாக இருந்த கைப்பிடிக் கம்பியை அறுத்துவிட்டுப் புதிதாக வைக்கச் சொன்னேன். “இதுல என்ன சார் கோளாறு? எனக்கு வேற வேலை இல்லையா?” என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அவனைப் பாராட்டினேன். அடுத்த மாதம் அவன் சரக்கு இறக்கும் முற்றத்துக்கு மாற்றப்பட்டான். அது வேறு காரணத்துக்காக. அங்கே ஆள் குறைவாக இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் உண்டு. பேசட்டும்.

வீட்டிலும் நான் அப்படித்தான். ஜன்னல் திரை வாங்குவதென்றால்கூட ‘நீயே யோசித்து வாங்கு’ என்றுதான் மனைவியிடம் சொல்வேன். அவள் வாங்கிவந்ததை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். எங்கள் மூத்தவள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்தவனோடு வேறு ஊருக்குப் போனாள். சுயமாக முடிவெடுத்தாள், எனக்குச் சந்தோஷம்தான். இரண்டு வருடமாக அவளோடு பேசவில்லை. சந்தோஷப்பட்டால் பேசியே ஆக வேண்டுமா என்ன.

இப்போது இறந்தவரிடம் வருகிறேன். அவருக்கு ஆலையில் ‘சரிங்க’ என்று பெயர். நாற்பத்தொரு வயது, நல்ல உயரம், பேசும்போது உயரத்துக்கு மன்னிப்புக் கேட்பவர் மாதிரி கொஞ்சம் குனிந்துகொள்வார். மதிய இடைவேளையில் மற்றவர்களுக்கு முடி வெட்டிவிடுவார், நேர்த்தியான கை. அவருடைய மனைவி எங்கள் பேக்கிங் பிரிவில் மூட்டை வாய் தைக்கிற மெஷினில் வேலை செய்கிறாள். அந்த அம்மாளுக்கு வீசிங் உண்டு. மூச்சு முட்டினால் உறிஞ்சுகிற மருந்துக் குழாயை இவர்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைவார். ஒரு நாளைக்கு நாலு முறை பேக்கிங் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

மரியாதையாகச் சொல்கிறேனே தவிர, நேரில் ‘நீ’ என்றுதான் பேசுவேன். அவனும் அதைத்தான் எதிர்பார்த்தான். என்ன சொன்னாலும் “சரிங்க”. ஒருநாள் சரக்கு இறக்க வந்த லாரியைக் காட்டி, நான் வரும்வரை இதன் பக்கத்திலேயே நில் என்று சொன்னேன். வேறு வேலையில் அடியோடு மறந்துபோனேன். சாயங்காலம் கிளம்பும்போது பார்க்கிறேன், லாரி எப்போதோ போய்விட்டது. இவன் மட்டும் லாரி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். மழை வேறு பெய்திருக்கிறது.

“லாரிதான் போயிடுச்சே, நீ என்னப்பா பண்றே?” என்றேன்.

“நீங்க வர்ற வரைக்கும் நிக்கச் சொன்னீங்களே சார்.”

ஷிப்டே சிரித்தது. ஒரு முழு மனிதன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இவ்வளவு காலியாக இருக்க முடியுமா என்று எனக்கு ராத்திரி தூக்கமில்லை. பதினோரு வருடம் அவனை மாற்றப் பார்த்தேன். இதைவிட ஒருவன்மேல் அக்கறை வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

சம்பவ தினம் காலை பத்தரை மணி. மூன்றாம் நம்பரில் பாளம் கட்டிக்கொண்டு சோளம் இறங்குவது நின்றுவிட்டது. பெல்ட் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் போன் செய்து, “அரவை நிக்கக் கூடாது, லைனை நிறுத்தாம பார்த்துக்கோங்க” என்றார். நான் சரி என்றேன். இப்படிப்பட்ட நேரங்களில் முறைப்படி செய்ய வேண்டியது பெல்ட்டை நிறுத்தி, ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, இறங்குகிறவன் இடுப்பில் பட்டை மாட்டி, கயிற்றை மேலே கட்டி, வெளியே ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இதையெல்லாம் மஞ்சள் பலகையில் எழுதி மேடையில் மாட்டியது நான்தான். வாசகமும் என்னுடையது.

நான் சரிங்கவைக் கூட்டிக்கொண்டு மேடைக்கு ஏறினேன். இருவர் மட்டும்தான். மூடியைத் திறந்தேன். நீளக் கம்பி ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். பலகையைக் காட்டி, சத்தமாக வாசி என்றேன். வாசித்தான். கீழே பெல்ட் ஓடும்போது எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்காதே என்பதுதான் முதல் வரி. திக்காமல் வாசித்தான். பெல்ட் ஓடுகிற அதிர்வு எங்கள் காலுக்கடியில் மேடை வரைக்கும் தெரிந்தது.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்.”

“சரி, உள்ள இறங்கி நடுவுல போய்க் குத்திவிடு” என்றேன்.

இதைவிடச் சுலபமான பரீட்சையை யாராலும் வைக்க முடியாது. கேள்வியும் கொடுத்து, விடையையும் அவன் வாயாலேயே வாசிக்க வைத்துவிட்டுக் கேட்கிறேன். ஒரு சொல், ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல் போதும்.

அவன் இறங்கினான். அதாவது, நான் அனுப்பி இறங்கினான். திருத்த வேண்டிய வரி இதுதான்.

இத்தோடு நிறுத்திவிட்டு உங்களிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். கீழ்ப்படிந்து செத்தான், பாவம், யோசிக்கத் தெரியாதவன், நான் வைத்தது கொஞ்சம் பெரிய பரீட்சையாகிப் போனது என்ற அளவில் முடிந்திருக்கும். ஆனால் அவன் மனைவி, மூட்டை தைக்கிற அந்த அம்மாள், கேட்டதைச் சொல்லாமல் போனால் இதுவும் இன்னொரு பொய் அறிக்கையாகிவிடும்.

போன வாரம் பேக்கிங் பக்கம் ரவுண்ட்ஸ் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் மெஷினை நிறுத்தினாள். ஷிப்ட் நேரத்தில் அந்த மெஷின் நின்று நான் பார்த்ததில்லை. பின்னால் வாய் திறந்த மூட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு குவிய ஆரம்பித்தன.

“என்னம்மா, மெஷினை ஓட்டு” என்றேன்.

ஓட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறிக்கையின் நகலை யாரோ அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

“அவராவே முடிவெடுத்து இறங்கினாருன்னு எழுதியிருக்கீங்களாமே சார்.”

“ஆமா.”

“சொந்தமா யோசிக்கத் தெரியாதவன், சொந்தமா யோசிக்கத் தெரியாதவன்னு பதினோரு வருஷமா அவரை எல்லார் முன்னாடியும் வெச்சு நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க. அன்னிக்கு மட்டும் எப்படி யோசிச்சாரு?”

அவள் தொடர்ந்து பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

“அவரு யோசிக்காத ஆளெல்லாம் இல்ல சார். என்னை எங்கயும் மாத்திடக் கூடாதேன்னுதான் உங்ககிட்ட எல்லாத்துக்கும் சரி சரின்னாரு. வீட்டுக்கு வந்தா உங்களை மாதிரியே பேசிக் காட்டுவாரு. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்.”

அதற்குப் பிறகு அவளாக மெஷினைப் போட்டாள். நான் நின்றது கூட அவள் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து ஒரு வாரம் யோசித்தேன். அவன் என்னை மாதிரி பேசிக் காட்டுவான் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். இதைத் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் உடனே இறங்கவில்லை.

குத்திவிடு என்றதும் கம்பியை மேடைமேல் படுக்க வைத்தான். சத்தம் வராமல், மெதுவாக. பிறகு நிமிர்ந்தான். அவன் முழு உயரத்துக்கு நிமிர்ந்து நான் அன்றுதான் பார்க்கிறேன்.

“முடியாதுங்க” என்றான்.

“என்ன?”

“கீழ ஓடிட்டிருக்கு சார். நான் இறங்க மாட்டேன். வேணும்னா நீங்க இறங்குங்க.”

பதினோரு வருடம் நான் காத்திருந்த சொல் அது. அவனை அங்கேயே கட்டிப்பிடித்திருக்க வேண்டும், கீழே இறங்கி எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், தெரியும். எனக்கு அந்த எண்ணம் ஒரு நொடி வரத்தான் செய்தது. ஆனால் அவன் சொன்ன விதம் இருக்கிறதே. பயம் இல்லை, குனிவு இல்லை, வாய் ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. யோசி என்று சொன்னது நான். எப்போது யோசிக்க வேண்டும், எந்த முகத்தோடு யோசிக்க வேண்டும் என்பதையும் நான்தானே சொல்ல வேண்டும். வேணும்னா நீங்க இறங்குங்க என்பது யோசனை இல்லை. அது திமிர். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் இத்தனை வருடம் ஆள் மேய்க்கிறேன்.

நான் கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். “நாளையிலிருந்து உன் வீட்டம்மாவை சரக்கு இறக்கும் முற்றத்துக்குப் போடறேன். அங்க ஆள் வேணும்.”

அந்த முற்றத்தில் லாரி லாரியாகச் சோளம் கொட்டுவார்கள். புழுதியில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. நல்ல நுரையீரல் உள்ளவனே முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் நிற்பான்.

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு குனிந்து கம்பியை எடுத்தான்.

“சரிங்க” என்றான்.

உள் ஏணியில் இறங்கினான். பாளத்தின்மேல் இரண்டு அடி வைத்தான், தாங்கியது. மூன்றாவது அடியில் உடைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, மூட்டை சரிகிற மாதிரிதான். இடுப்பு வரை போய் நின்றான். கம்பி கையை விட்டுப் போய்விட்டது. பாளம் உடைந்ததும் அடியில் சோளம் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் மூடிக்கு மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

“இப்போ என்ன செய்யணும் சார்?”

“அசையாதே” என்றேன். அது சரியான அறிவுரை, நீங்கள் எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் பாருங்கள். கையைக் காலை உதறினால் சீக்கிரம் உள்ளே இழுக்கும். அவன் அசையவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, சொன்னபடி அப்படியே இருந்தான். சோளம் அவன் நெஞ்சு வரைக்கும் வந்தது.

உங்களுக்கு அடுத்த கேள்வி என்னவென்று தெரியும், உங்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. மேடைக் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பெல்ட் அந்த நொடியே நிற்கும். அதை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, மஞ்சள் பலகையின் கடைசி வரியே அதுதான். நான் நின்ற இடத்திலிருந்து அதற்கு ஒரு எட்டுகூட இல்லை, கை நீட்டினால் போதும். பெல்ட் நின்றது பத்து ஐம்பத்திரண்டுக்கு என்று கட்டுப்பாட்டு அறைப் பதிவில் இருக்கிறது. அதை நிறுத்தியது நான் இல்லை. அரவைக்குப் போகிற சோளத்தில் நீளக் கம்பி ஒன்று வருவதைப் பார்த்துக் கீழே எலக்ட்ரீஷியன் நிறுத்தினான்.

சரிங்க உள்ளே போனது பத்து நாற்பத்தெட்டுக்கு. நடுவில் நான்கு நிமிடம்.

அந்த நான்கு நிமிடம் நான் வேடிக்கை பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். கை காலெல்லாம் உதறிக்கொண்டு சும்மா நின்றேன் என்றும் நினைக்காதீர்கள். முதல் நொடியிலேயே போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டேன். அவருடைய உதவியாளர் பெண்தான் எடுத்தாள்.

“அவசரம், மூணாம் நம்பர் லைனை நிறுத்தலாமான்னு கேளும்மா” என்றேன்.

“சார் மீட்டிங்ல இருக்கார். லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்.”

இருந்தேன். போனில் ஏதோ சங்கீதம் ஓடியது. மூடிக்குள் பார்த்தேன், இரண்டு கைகளும் இன்னும் மேலே தூக்கியபடிதான் இருந்தன. பிறகு விரல்கள் மட்டும் தெரிந்தன. பிறகு சோளம் சமமாகிவிட்டது. அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை.

நான் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ள வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான்தான் அனுப்பினேன், மிரட்டித்தான் அனுப்பினேன், முடியாது என்று சொன்னவனை அனுப்பினேன். அதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கவில்லை. ஆனால் பொத்தானைப் பற்றி மட்டும் என்னிடம் அப்படிக் கேட்காதீர்கள். லைனை நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். நிறுத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.